பல்லு போன வருஷம் குறைஞ்ச பறவை

பதினோரு வருஷமா எங்க காட்டுல இருக்குற சோலைபாடி ஒவ்வொண்ணையும் எண்ணி வச்சிருக்குறவன் நான்தான். எந்த ஓடைக்கிட்ட எத்தனை, எந்த மரத்தடியில எத்தனை, போன வருஷம் எத்தனை, இந்த வருஷம் எத்தனை, எப்பக் கேட்டாலும் டக்குனு சொல்லுவேன்.

சொல்ல மாட்டேன். பொய். எண்ணுனது மேடம். நான் அவங்களுக்கு முன்னாடி கத்தியோட போயி பாதை வெட்டுனவன், பின்னாடி வரும்போது பிஸ்கட் பையைத் தூக்கிட்டு வந்தவன். பிஸ்கட் எத்தனை இருந்துச்சுன்னு வேணா கரெக்டா சொல்லுவேன், ஏன்னா அதைக் காலி பண்ணுனதும் நான்தான். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. இதைக்கூட எழுதல, போன்ல பேசுறேன், அது பாட்டுக்கு எழுத்தா மாத்திக்குது. மேடம் காலைல சாக்ஸ் மாட்டி, பூட்ஸ் கட்டி, அட்டை ஏறாம இருக்க அதுக்கு மேல இன்னொரு துணி கட்டி வெளிய வர்ற வரைக்கும் எனக்கு வேலை கெடையாது. அந்த நேரத்துல தினமும் கொஞ்சம் பேசி வச்சதுதான் இது.

சோலைபாடின்னா சின்னப் பறவை. தலையும் முதுகும் மை பூசுன மாதிரி கருப்பு, வாலு உடம்பைவிட நீளம். நம்ம அந்தமான்ல இருக்குறதுக்கு வயிறு வெள்ளை, மெயின்லேண்டுல இருக்குறதுக்கு செங்கல் கலருன்னு மேடம் சொல்லுவாங்க. அது பெரும்பாலும் ஆள் உயரத்துக்குக் கீழ, செடி புதருக்குள்ளயே கெடக்கும். கண்ணுல லேசுல படாது. ஆனா விடியும்போது பாட ஆரம்பிச்சா, மத்ததெல்லாம் கொஞ்ச நேரம் வாயை மூடிட்டு இருங்கடாங்குற மாதிரி பாடும். ஒரு தடவ பாடுனதை மறு தடவ அப்படியே பாடாது. நடுவுல வேற ஏதாவது பறவை மாதிரி ஒரு மிமிக்ரி போடும். அந்த ஒரு விஷயத்துல அது என் பங்காளி.

எங்க அப்பா ராமநாதபுரம் பக்கத்துலேருந்து கப்பல் ஏறி வந்தவரு. நான் பொறந்தது போர்ட் பிளேர்ல, ஷாதிபூர்ல. வீட்டுக்குள்ள தமிழ், வாசல் தாண்டுனா ஹிந்தி, ரெண்டுமே எனக்கு அரைகுறை. ஸ்கூல்ல மூணாவது வரைக்கும் இருந்தேன், அதுக்கப்புறம் ஸ்கூலும் நானும் பேசி முடிவு பண்ணிப் பிரிஞ்சிட்டோம். பெரிய ஆளானதும் ஹேடோ துறைமுகத்துல மூட்டை தூக்குனேன். மெயின்லேண்டுலேருந்து கப்பல் வந்தா அரிசி, சிமெண்ட், வெங்காயம் எல்லாம் எங்க முதுகு வழியாத்தான் தீவுக்குள்ள எறங்கும். கப்பலுக்கும் குடோனுக்கும் நடுவுல பேப்பரும் பேனாவுமா ஒருத்தரு நின்னு, போற மூட்டையெல்லாம் எண்ணுவாரு. டாலி பாக்குறவருன்னு சொல்லுவோம். எண்ணிக்கை சரியா இருந்தா யாரும் யாரையும் திரும்பிப் பாக்க மாட்டாங்க. ஒண்ணு குறைஞ்சிருச்சு, "கம் ஹை", குறையுதுன்னு ஹிந்தியில ஒரு சத்தம் வரும். அவ்ளோதான், வேலை நிக்கும், எங்களையெல்லாம் வரிசையா நிக்க வச்சு மூஞ்சியைப் பாப்பாங்க. மூட்டை கடல்ல விழுந்திருந்தாலும் சரி, எண்ணுனவரு டீ குடிக்கப் போயிருந்தாலும் சரி, எடுத்தது நாங்கதான்.

அதனால எங்களுக்குள்ள ஒரு பழக்கம் இருந்துச்சு. எண்ணிக்கை எங்கயோ இடிக்குதுன்னு தெரிஞ்சா, அவரு அசந்த நேரம் பாத்து ஒரே மூட்டையை ரெண்டாவது தடவ அவரு முன்னாடி தூக்கிட்டுப் போவோம். ஒண்ணு கூடிரும். கணக்கு சரியாயிரும். எல்லாரும் சந்தோஷமா வீட்டுக்குப் போவாங்க. அதைத் திருட்டுன்னு நாங்க நெனச்சதே இல்ல. ஏதோ கூட வேலை செய்யுறவனைக் காப்பாத்துறோம்னுதான் நெனப்பு. எனக்குப் படிப்பு மண்டையில ஏறல, ஆனா இது நல்லா ஏறிருச்சு. எண்ணிக்கை குறையக் கூடாது. குறைஞ்சா பக்கத்துல நிக்குறவன் மாட்டுவான்.

அப்புறம் முதுகு புடிச்சிக்கிச்சு, ஹேடோ வேலை போச்சு. என் வீட்டுக்காரி ஊரு ஒரு தீவு, போர்ட் பிளேர் ஃபீனிக்ஸ் பே துறையில கப்பல் ஏறி ரெண்டு மணி நேரத்துக்கு மேல போகணும். பேரைச் சொன்னா கேமராவைத் தூக்கிட்டுக் கூட்டம் வந்துரும்னு மேடம் திட்டுவாங்க, அதனால சொல்லல. அங்க மச்சினன் வீட்டுல உக்காந்து சோறு திங்குறதுக்கு வெக்கமா இருந்துச்சு. ரொம்ப இல்ல, கொஞ்சம். காட்டுப் பக்கம் விறகு பொறுக்கப் போவேன். போற வழியில இந்தப் பறவை பாடும், நான் சீட்டி அடிச்சு பதில் சொல்லுவேன். ஒரு வருஷம் அடிச்சு அடிச்சுக் கடைசியில அதுக்கே சந்தேகம் வர்ற அளவுக்கு வந்துருச்சு. நான் சீட்டி அடிச்சா புதருக்குள்ளேருந்து வாலை ஆட்டிக்கிட்டு வந்து முன்னாடி நிக்கும். டூரிஸ்டுங்களுக்கு அப்படித்தான் பறவை காட்ட ஆரம்பிச்சேன். அதைக் கேள்விப்பட்டுத்தான் மேடம் என்னைத் தேடி வந்தாங்க.

மேடம் கோயம்புத்தூர். என்னைவிட இருபது வயசு சின்னவங்க. என்னை அண்ணாம்பாங்க, நான் மேடம்பேன். காட்டுக்குள்ள பதினாலு எடம் குறிச்சு, மரத்துல தகரம் அடிச்சு நம்பர் போட்டாங்க. அதுக்குப் பேரு பாயிண்ட்டு. ஒவ்வொரு பாயிண்ட்டுக்கும் போயி ரெண்டு நிமிஷம் சும்மா நிக்கணும், அப்புறம் பத்து நிமிஷம் காதுல விழுற சோலைபாடி, கண்ணுல படுற சோலைபாடி எத்தனைன்னு எழுதணும். வருஷா வருஷம் அதே மாசம், அதே எடம், அதே நேரம். அப்பத்தான் பறவை கூடுதா குறையுதான்னு தெரியுமாம். பேசக் கூடாது, இருமக் கூடாது, பீடி கூடாது. கல்யாணப் பந்தியிலகூட இம்புட்டு ரூல் கெடையாது.

மொத நாள் போனோம். ஒண்ணாம் பாயிண்ட்டுல ஒண்ணும் இல்ல. ரெண்டுல இல்ல. மூணுல இல்ல. மேடம் நோட்டுல சைபர் போட்டுக்கிட்டே வந்தாங்க. எனக்குப் படிக்கத் தெரியாட்டியும் சைபர் நல்லாத் தெரியும், என் பரீட்சைப் பேப்பர்ல நெறைய பாத்திருக்கேன். சாயங்காலம் மெயின்லேண்டுல இருக்குற அவங்க பெரிய சாருக்குப் போன் பண்ணுனாங்க. "இல்லீங்க சார். இன்னைக்கு ஒண்ணும் இல்லீங்க சார்"னு சொல்லும்போது குரல் உள்ள போயிருச்சு. எனக்கு ஹேடோ ஞாபகம் வந்துருச்சு. அய்யய்யோ, இந்தப் புள்ளைக்குக் கம் ஹை சொல்லிட்டாங்கடா.

மறுநாள் விடியும்போது நான் கத்தியை எடுத்துக்கிட்டு, பாம்பு கீம்பு கெடக்கும், நான் முன்னாடி போயி பாத்து வைக்கிறேன்னு சொன்னேன். மேடம் முந்துன பாயிண்ட்டுல நின்னு எழுதி முடிச்சு வர்றதுக்குள்ள நான் அடுத்த பாயிண்ட்டுக்குப் போயி மூணு சீட்டி அடிச்சு வச்சேன். அவங்க வந்து நிக்கிறாங்க, புதருக்குள்ளேருந்து ஒண்ணு பாடுது, இந்தப் பக்கம் இன்னொண்ணு பாடுது. அவங்க மூஞ்சியைப் பாக்கணுமே. பேசக் கூடாதுங்குற ரூலைப் போட்டவங்களே என் கையைப் புடிச்சு அமுக்குனாங்க. ரெண்டாம் பாயிண்ட்டுக்கு மூணுன்னு எழுதுனாங்க. அதுல ஒண்ணு, தூரத்துலேருந்து வரும்போதே அவங்க காதுல விழுந்தது, நான்.

இப்படியே அஞ்சு வருஷம். நல்லவேளை நான் மேடத்தைக் காப்பாத்துறேன்னு நெஞ்சை நிமித்திக்கிட்டுத் திரிஞ்சேன். அந்த அஞ்சு வருஷமும் எண்ணிக்கை ஜம்முனு இருந்துச்சு.

அதுக்கப்புறம்தான் என் சகலை வீட்டுப் பால்காய்ச்சு. அங்க கூட்டத்துல எவனோ, வயசாயிருச்சு இவருக்கு, தேங்காய் உரிக்கக்கூட வராதுன்னான். நான் அரிவாள் இல்லாமலே உரிக்கிறேன் பாருன்னு மட்டையைப் பல்லால கடிச்சு இழுத்தேன். மட்டை வந்துச்சு. கூடவே முன்பல்லு மூணும் வந்துச்சு. கூட்டமே கை தட்டுச்சு, நானும் ரத்தத்தோட சிரிச்சேன். அன்னையிலேருந்து சீட்டி அடிச்சா வெறும் காத்துதான். ஊத வேண்டியது அடுப்புலன்னு வீட்டுக்காரி சொல்லுவா. பல்லு கட்டுறதுக்கு ஊசி போடுவாங்கன்னு பயந்து நான் அந்தப் பக்கமே போகல.

அடுத்த வருஷம் எண்ணிக்கை சரசரன்னு எறங்கிருச்சு. ரெண்டாம் பாயிண்ட்டுல ஒண்ணு, அஞ்சுல ஒண்ணும் இல்ல. அதுக்கடுத்த வருஷமும் அப்படித்தான். ஏழாம் பாயிண்ட்டு ஓடைக்கிட்ட இருக்கு, எப்பவும் கலகலன்னு இருந்த எடம், அது சைபருக்கு வந்துருச்சு. நான் மடையன், சத்தியமா ரெண்டையும் சேத்து யோசிக்கல. நம்ம பல்லுக்கும் காட்டுக்கும் என்ன சம்பந்தம்? மேடம் மாதிரியே நானும் பறவை போயிருச்சேன்னு வருத்தப்பட்டேன். எனக்குக் கண்ணுல தண்ணிகூட வந்துச்சு.

மேடம் அதுக்குக் காரணம் தேடித் தேடிக் காட்டைச் சுத்துனாங்க. புள்ளிமான் நெறைய ஆயிருச்சு, அது கீழ்ச் செடியெல்லாம் மேஞ்சிருது, இந்தப் பறவைக்கு அந்தச் செடிதான் வீடுன்னாங்க. ஒருநாள் லேப்டாப்புல ஒரு கோடு காட்டுனாங்க. தண்ணி வத்துன நேரத்துல படகுத்துறை ஜெட்டியிலேருந்து போட்டுக்குப் பலகை போடுவாங்கல்ல, அந்த மாதிரி செங்குத்தா எறங்குது. இப்படியே போனா இன்னும் கொஞ்ச வருஷத்துல இந்தப் பக்கத்துல சோலைபாடியே இருக்காதுங்ணான்னு சொன்னாங்க. அதைத்தான் எழுதப் போறாங்க. போர்ட் பிளேர்ல பெரிய ஆபீசருங்க, மெயின்லேண்டுலேருந்து வர்ற பறவைப் படிப்பு ஆளுங்க எல்லாரும் உக்காந்திருக்குற ஒரு மீட்டிங்குல, எந்திரிச்சு நின்னு சொல்லணும். அவங்க வயசுல மத்தவங்க புள்ளை குட்டின்னு செட்டிலாயிட்டாங்க, இவங்க பத்து வருஷத்தை அந்தக் கோட்டுல போட்டிருக்காங்க.

போன வருஷம் என் மகளுக்குச் சம்பந்தம் வந்துச்சு. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வர்றதுக்கு முன்னாடி பல்லு கட்டு, இல்லன்னா அவங்க போற வரைக்கும் சிரிக்காம இருன்னு வீட்டுக்காரி சொல்லிட்டா. சிரிக்காம இருக்குறதுக்கு ஊசியே தேவலாம். போயி மூணு பல்லு செட்டு வாங்கி மாட்டிக்கிட்டேன். கழட்டி மாட்டுறது. கண்ணாடியில பாத்தா நானே மாப்பிள்ளை மாதிரி இருந்தேன். என் மகதான், மாப்பிள்ளைக்கு மாமா மாதிரி இருக்கீங்கன்னு எறக்கி விட்டா.

அந்தப் பல்லோட போன வருஷத்து எண்ணிக்கைக்குப் போனேன். மீட்டிங்குக்கு முன்னாடி கடைசி எண்ணிக்கை. ஏழாம் பாயிண்ட்டுக்கு முன்னாடி நடந்து போறேன், கையில கத்தி, வாயில புதுப் பல்லு. சும்மா ஊதிப் பாத்தேன். சீட்டி வந்துருச்சு. அஞ்சு வருஷத்துக்கு அப்புறம் பழைய சீட்டி, அப்படியே. எனக்கு சந்தோஷம் தாங்கல, இன்னும் நாலு அடிச்சேன். மேடம் வந்து நின்னாங்க. ஓடைக்கு அந்தப் பக்கம் ஒண்ணு பாடுச்சு. இந்தப் பக்கம் ஒண்ணு. தலைக்கு மேல ஒரு கொடியில மூணாவதா ஒண்ணு, வயிறு வெள்ளையா, வாலைத் தூக்கி தூக்கி ஆட்டிக்கிட்டு எங்களையே முறைக்குது.

பத்து நிமிஷம் முடிஞ்சதும் மேடம் அப்படியே தரையில உக்காந்துட்டாங்க. அழுறாங்க, சிரிக்கிறாங்க. "அண்ணா, திரும்பி வந்துருச்சுங்ணா"ன்னாங்க.

அப்பத்தான், பத்து வருஷ மண்டூகம் எனக்கு, அப்பத்தான் எல்லாம் ஒண்ணா விழுந்துச்சு. பறவை எங்கயும் போகல, திரும்பியும் வரல. போனதும் வந்ததும் என் பல்லு.

அன்னைக்கு ராத்திரி காட்டோரக் கேம்ப்புல எனக்குச் சோறு எறங்கல. மேடம் ஒரு பக்கம் லேப்டாப்பை வச்சு முன்னாடி எழுதுனதையெல்லாம் மாத்திக்கிட்டு இருக்காங்க. குறைஞ்சு போன பறவை மறுபடியும் தேறுதுன்னு எழுதுறாங்க. மறுநாள் கப்பல், அதுக்கு மறுநாள் மீட்டிங்கு. சொன்னா இந்தப் பத்து வருஷமும் குப்பைக்குப் போகும், அதுக்கப்புறம் என்னை யாரு காட்டுக்குக் கூப்பிடுவா. சொல்லாட்டி அந்தப் புள்ள அத்தனை பேர் முன்னாடி நின்னு என் சீட்டியைப் பத்திப் பேசும். வெளிய போயி வீட்டுக்காரிக்குப் போன் போட்டுச் சொன்னேன். அவ கொஞ்ச நேரம் சிரிச்சா. நல்லா வயித்தைப் புடிச்சுக்கிட்டுச் சிரிச்சா, எனக்குக் கேட்டுச்சு. சிரிச்சு முடிச்ச அப்புறம்தான் பேசுனா.

"அந்தப் புள்ள உங்களை நம்பித்தாங்க போயி நிக்கப் போகுது. வாயாலதானே கெடுத்தீங்க, அந்த வாயாலயே சொல்லிருங்க"ன்னா.

கப்பல்ல மேல் தட்டுல உக்காந்திருந்தோம். காத்து, வெயிலு, மேடம் மடியில லேப்டாப்பு. ஃபீனிக்ஸ் பே வர்றதுக்குள்ள சொல்லிரணும்னு எனக்கு நானே சத்தியம் பண்ணியிருந்தேன். பாதி வழி போயிருச்சு. மூணு தடவ தண்ணி குடிச்சேன், ரெண்டு தடவ பாத்ரூம் போனேன்.

"மேடம், ஏழாம் பாயிண்ட்டுல வந்துச்சுல்ல மூணு."

"ஆமாங்ணா."

"அது தானா வரல. நான் கூப்பிட்டேன்."

மேடம் சிரிச்சாங்க. எப்பவும் ஏதாவது உளறிக்கிட்டே இருக்குறவன்ல, இதையும் ஜோக்குன்னு நெனச்சுட்டாங்க. வாழ்க்கையில ஒரே ஒரு தடவ உண்மை பேசுறேன், அதுக்குச் சிரிக்கிறாங்க. எனக்கு வேற வழி தெரியல. எந்திரிச்சு நின்னு சீட்டி அடிச்சேன். காட்டுல அடிக்கிறது எப்படியோ அதே மாதிரி. தட்டுல இருந்த ஆளுங்கெல்லாம் கம்பியில பறவை உக்காந்திருக்கான்னு தேடுனாங்க. மேடம் தேடல. சிரிப்பு அப்படியே நின்னு போச்சு.

"எப்பலேருந்து?"

"ரெண்டாவது நாள்லேருந்து."

"இந்த வருஷம் ரெண்டாவது நாளா?"

"மொத வருஷம் மேடம்."

தேங்காய் உரிச்ச கதை அவங்களுக்கும் தெரியும். அந்தப் பல்லுக்கு அவங்கதான் அப்பப் பஞ்சு வாங்கிட்டு வந்தாங்க. நான் மேல ஒண்ணும் சொல்ல வேண்டிய அவசியம் வரல. லேப்டாப்பை மூடுனாங்க. எந்திரிச்சுப் போயி கம்பியைப் புடிச்சுக்கிட்டுக் கடலைப் பாத்துக்கிட்டு நின்னாங்க. திட்டியிருந்தா தேவலாம். ஹேடோவுல திட்டு வாங்கி எனக்குத் தோலு தடிச்சிருக்கு, இந்தச் சும்மா நிக்கிறதுக்குப் பழக்கமே இல்ல.

திரும்பி வந்து உக்காந்து, ஏன்னு மட்டும் கேட்டாங்க. நான் மூட்டைக் கதையைச் சொன்னேன். ஒரே மூட்டையை ரெண்டு தடவ தூக்குனது, கம் ஹை, வரிசையில நிக்க வைக்கிறது எல்லாம். மொத நாள் அவங்க பெரிய சாருக்குப் போன்ல பேசுன குரலையும் சொன்னேன்.

"குறைஞ்சா உங்களைப் பேசுவாங்களேன்னு நெனச்சேன் மேடம்."

அவங்களுக்கு ஒதடு துடிச்சுச்சு. சிரிப்பா அழுகையான்னு தெரியல. "அண்ணா, குறைஞ்சா குறைஞ்சதுன்னு எழுதத்தான் நான் வந்தேன். சைபரும் கணக்குதாங்ணா. அன்னைக்குக் காத்து ஜாஸ்தி, அதான் ஒண்ணும் பாடல. மறுநாள் நீங்க சும்மா இருந்திருந்தாலே ரெண்டு பாடியிருக்கும்"னாங்க.

அப்புறம் இன்னொண்ணு சொன்னாங்க, அது இன்னும் எனக்குள்ள குத்திக்கிட்டே இருக்கு. நான் சீட்டி அடிச்சா பறவை எதுக்கு வருதுன்னு தெரியுமான்னு கேட்டாங்க. என் சீட்டி புடிச்சு வருதுன்னு சொன்னேன். இல்லையாம். அவன் எடத்தைப் புடுங்க வேற ஆம்பளை வந்துட்டான்னு பதறி வருமாம். குஞ்சுக்கு எரை தேட வேண்டிய நேரத்துல, காலங்காத்தால, வீட்டு வாசல்ல எவனோ நின்னு இது என் வீடு இது என் வீடுன்னு கத்துனா எப்படி இருக்கும். அதைத்தான் நான் அஞ்சு வருஷம் பண்ணியிருக்கேன், கூடவே அதுக்கு என்மேல பாசம்னு வேற நெனச்சிருக்கேன்.

கப்பல் ஃபீனிக்ஸ் பேக்குத் திரும்புற நேரம் மேடம் கேட்டாங்க, எந்தெந்தப் பாயிண்ட்டுல அடிச்சீங்கன்னு. மறைக்காம சொல்லுங்கன்னாங்க.

"ஒண்ணுலேருந்து எட்டு வரைக்கும்."

"அதுக்கு மேல?"

"அதுக்கு மேல இல்ல."

"நெசமா? ஒரு தடவகூட இல்லையா? ஏன்?"

எனக்கு இதைச் சொல்லத்தான் ரொம்ப வெக்கமா இருந்துச்சு. ஒம்பதுலேருந்து பதினாலு வரைக்கும் மேட்டுல இருக்கு. ஏத்தம். எனக்கு மூச்சு வாங்கும், சீட்டிக்கு மூச்சு நிக்காது. பத்து வருஷமும் மூச்சு வாங்குறதை மறைக்குறதுக்கு அங்கெல்லாம் மேடத்துக்குப் பின்னாடியேதான் நடந்தேன். சொல்லிட்டுத் தலையைக் குனிஞ்சுக்கிட்டேன். நிமிந்து பாத்தா மேடம் பையைக் கொட்டி பழைய நோட்டெல்லாம் எடுத்துக்கிட்டு இருக்காங்க. ஒரு பேப்பர்ல கோடு போட்டாங்க. ஒம்பதுலேருந்து பதினாலு மட்டும். கப்பல் ஜெட்டியில முட்டி ஆளுங்கெல்லாம் எறங்குறாங்க, கப்பல்காரன் ஹிந்தியில எங்களையும் எறங்கச் சொல்லிக் கத்துறான், இவங்க எந்திரிக்கவே இல்ல.

என் சோம்பேறித்தனம் தொடாத அந்த ஆறு எடந்தான் அந்தப் பத்து வருஷத்துக்கு மிச்சம். அந்தக் கோடு செங்குத்தா எறங்கல. மேலயும் ஏறல. லேசா, நம்ம வீட்டு வாசல்ல மழைத்தண்ணி போறதுக்கு விடுற சாய்வு மாதிரி, கீழ போகுது. குறையுதான்னு கேட்டேன்.

"குறையுதுங்ணா. ஆனா நீங்க குறைச்ச அளவுக்கு இல்ல"ன்னாங்க.

மீட்டிங்குக்கு என்னையும் வரச் சொன்னாங்க. பின்னாடி கடைசி நாக்காலியில உக்காந்தேன். சட்டை புதுசு, பல்லு புதுசு, உள்ள இருக்குறது பழைய மடையன். மேடம் எந்திரிச்சாங்க. எனக்கு இங்கிலீஷ் தெரியாது, பக்கத்துல இருந்த யாரோ ஒரு ஆபீசரோட டிரைவர் ஹிந்தியில சொல்லிக்கிட்டே வந்தாரு. எட்டு எடத்து எண்ணிக்கை தப்பு, அதை எடுத்துட்டேன்னாங்களாம். ஒரு பெரிய ஆளு எந்திரிச்சு, எப்படித் தப்பாச்சு, யாரு காரணம்னு கேட்டாரு. இதுக்கப்புறம் என்ன நடக்கும்னு எனக்குத் தெரியும்ல, வரிசையில நிக்க வைப்பாங்க. நானே எந்திரிச்சுரலாம்னு நாக்காலிக் கையைப் புடிச்சேன்.

டிரைவர் மெல்ல எங்கிட்ட சொன்னாரு. என் கூட வேலை செய்யுறவருக்கு எதுக்காக எண்ணுறோம்னு நான் மொத நாளே சொல்லிக் குடுக்கல, அது என் தப்புன்னு அந்தம்மா சொல்லுறாங்கன்னாரு.

எங்க ஹேடோவுல இத்தனை வருஷத்துல மூட்டை குறைஞ்சப்ப, பேனா வச்சிருந்தவரு ஒருத்தர்கூட அப்படிச் சொன்னதில்ல. எனக்குப் பல்லு செட்டு தொண்டையில எறங்குன மாதிரி இருந்துச்சு. தடவிப் பாத்தேன், எடத்துலதான் இருந்துச்சு.

இந்த வருஷமும் என்னைக் கூப்பிட்டாங்க. கீழ இருக்குற எட்டு எடமும் மொதல்லேருந்து ஆரம்பம், புது நோட்டு. இனிமே நான் முன்னாடி போகக் கூடாது, பின்னாடிதான். அதோட ஒரு புது ரூல். காட்டுக்குள்ள காலு வைக்கிறதுக்கு முன்னாடி பல்லைக் கழட்டி மேடத்துக்கிட்ட குடுத்துரணும். அவங்க அதைப் பச்சைக் கலரு சோப்பு டப்பாவுல போட்டு பையில வச்சுக்குவாங்க. பதினாலாம் பாயிண்ட்டு முடிஞ்சதும் திருப்பிக் குடுப்பாங்க, பிஸ்கட்டு திங்குறதுக்கு. உங்களை நம்புறேங்ணா, உங்க வாயைத்தான் நம்பலன்னு சொல்லிட்டாங்க. இந்தத் தீவுகள்லயே ஒரு பறவைக்காகப் பல்லை அடமானம் வச்ச ஒரே ஆளு நான்தான். இது பொய் இல்ல.

ஏழாம் பாயிண்ட்டுதான் இப்ப ரெண்டு பேருக்கும் பயம். ஓடைக்கிட்ட மான் நல்லா மேஞ்சிருக்கு, செடியே இல்ல, அடி மண்ணு தெரியுது. போன வருஷம் அந்த மூணும் என் சீட்டிக்குப் பதறி எங்கேருந்தோ வந்ததா, இல்ல அங்கயே குடியிருக்குறதான்னு மேடத்துக்கும் தெரியல. முந்தாநாளும் நேத்தும் அங்க பத்து நிமிஷம் நின்னோம். சைபர், சைபர். மேடம் ரெண்டையும் அழகா எழுதிக்கிட்டாங்க. நான் பல்லு இல்லாத வாயை ரெண்டு கையாலயும் பொத்திக்கிட்டு நின்னேன். ஒரே ஒரு சீட்டி அடிச்சா வருமேன்னு ஒதடு அரிக்குது, அடிக்க முடியாதுன்னு தெரிஞ்சும் அரிக்குது. மூணு நாள் எண்ணுவாங்க. இன்னைக்குக் கடைசி. இன்னைக்கும் இல்லன்னா அந்த எடத்துக்கு இல்லன்னு எழுதிருவாங்க, அப்புறம் அடுத்த வருஷம்தான்.

ஆனா மேடத்துக்கிட்ட இன்னும் ஒண்ணு சொல்லல. சொன்னா இதுவும் என் கைங்கரியம்னு நெனப்பாங்களோன்னு பயம். நேத்து சாயங்காலம் ஓடையில தண்ணி எடுக்கப் போனேன். பல்லு டப்பாவுலயேதான் இருந்துச்சு, திருப்பி வாங்க மறந்து, ராத்திரி சோத்துக்குத்தான் வாங்குனேன். நான் வாயைத் தொறக்கல, சத்தியமா தொறக்கல. கேனை முக்குறேன், அந்தப் பக்கம் சாஞ்சு கெடக்குற படாக் மரத்துக்கு அடியில கொஞ்சம் செடி தப்பிச்சு இருக்கு, அதுக்குள்ளேருந்து லேசா ஒரு பாட்டு...

"அண்ணா, பல்லு." மேடம் பூட்ஸ் கட்டி முடிச்சாச்சு. டப்பாவைத் தொறந்து நீட்டிக்கிட்டு நிக்கிறாங்க. இந்தா வந்துட்டேன் மேடம்.